பறித்த உடுப்பும் உடுத்திய உடுப்பும்

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் உடுப்பைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டத்தரணி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்நியர் குடியேறி ஆண்ட நாடுகளிலே பிள்ளையின் உடுப்பும் அரசாங்க விவகாரமாகவே இருந்தது என்பதுதான் என் மறுமொழி. வட அமெரிக்காவில் நடந்ததொன்றைச் சான்றாக உங்கள் முன் வைக்கின்றேன்.

1879ஆம் ஆண்டு, பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரில், பழைய இராணுவக் குடியிருப்பொன்றிலே பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் றிச்சட் ஹென்றி பிராட் என்னும் படை அதிகாரி. அவ்வாண்டு ஒக்டோபரில் லக்கோட்டா இனத்துப் பிள்ளைகள் 80 பேருக்கு மேல் மேற்குச் சமவெளியிலிருந்து அங்கு வந்திறங்கினர்.

லக்கோட்டா மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் கொப்பூழ்க்கொடியை ஆமை வடிவிலோ பல்லி வடிவிலோ தைத்த சிறு தோற்பையில் இட்டு, மணிகளால் அழகுசெய்து, முதலில் தொட்டிலிலும் பின்னர் பிள்ளையின் உடுப்பிலும் கட்டுவார்கள். தோற்சட்டையும், மொக்கசின் எனப்படும் மென்தோற் காலணியும் வீட்டுப் பெண்களின் கைவேலை. அவற்றைத் தைத்தவரின் முகம் பிள்ளைக்குத் தெரியும்.

கார்லைலில் முதலில் தலைமயிர் கத்தரிக்கப்பட்டது. பின்னர் ஆண்பிள்ளைகளுக்குப் படைவீரர் பாணிச் சீருடையும், பெண்பிள்ளைகளுக்கு வெள்ளையர் பாணிச் சட்டையும் அணிவிக்கப்பட்டன. வந்தபோது ஒரு படம், மாற்றியபின் ஒரு படம் என்று நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. அவை வாஷிங்டனிலுள்ள பெரியவர்களுக்கு அனுப்பப்பட்டன. பாடசாலைப் பத்திரிகையின் சந்தாதாரருக்கும் வழங்கப்பட்டன. பிள்ளையின் உடலே பாடசாலையின் விளம்பரப் பலகையாயிற்று.

எதிர்த்தரப்பின் சாட்சியத்தை மறைப்பது என் தொழிலுக்கு அழகன்று. அம்முதற் கூட்டத்திலே வந்த லூதர் ஸ்டாண்டிங் பெயார் என்பவர் பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதினார். பையுள்ள காற்சட்டையும் ஓசையெழுப்பும் சப்பாத்தும் கிடைத்தபோது பிள்ளைகள் பெருமிதத்தோடு அறைக்குள் உலாவியதை அவரே 1928இல் எழுதியுள்ளார். அவரேதான் 1933இல் எழுதிய நூலில், சிவப்புக் கம்பளி உள்ளாடை தந்த வேதனையையும் சொல்கின்றார். இரண்டும் உண்மையே. புதுச் சட்டை கண்டு மகிழாத பிள்ளை எந்த நாட்டில் உண்டு? ஆனால் பிள்ளையின் மகிழ்ச்சி பெற்றோரின் சம்மதம் ஆகாது.

பெற்றோரின் மனத்தை அறிய வேண்டுமாயின் 1880ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ஸ்பொட்டட் டெயில் என்னும் லக்கோட்டாத் தலைவர் கார்லைலுக்குச் சென்றார். தம் பிள்ளைகள் படைவீரர் உடுப்பிலே அணிவகுப்புப் பழகுவதைக் கண்டார். அவ்வுடுப்பு யாருடையது? அவர் மக்களைச் சுட்ட படையினருடையது! அவர் சினந்து தம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அவரால் முடிந்தது. பின்வந்த பெற்றோருக்கு அது எளிதாயிருக்கவில்லை. பிள்ளையை அனுப்ப மறுக்கும் குடும்பத்தின் உணவுப் பங்கீட்டை நிறுத்திவைக்க 1893இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதிகாரம் வழங்கியது. எருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டபின் பங்கீட்டையே நம்பிக் கிடந்த மக்கள் அவர்கள். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற நம் முதியோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சீருடைகளைத் தைத்தவர்கள் யார்? அப்பிள்ளைகளே. பாதி நாள் படிப்பு, பாதி நாள் வேலை. பெண்பிள்ளைகள் தைத்தனர், வெளுத்தனர். ஆண்பிள்ளைகள் தையற்கூடத்திலும் சப்பாத்துக் கூடத்திலும் உழைத்தனர். தாய் தைத்ததைக் களைந்து, தம் கையாலேயே மாற்றுடுப்பைத் தைத்துக்கொண்டனர்.

குடியேறிய வெள்ளையர் பூர்வீகக் குடிகளின் உடுப்பைத் தீண்டாமலா இருந்தனர்? இல்லை. அவர்கள் மொக்கசின் அணிந்தனர், மான்தோற் சட்டை அணிந்தனர். காட்டுக்கும் பனிக்கும் அதுவே தகுந்ததென்று கண்டனர். அதற்காக எவரும் அவர்களின் தலைமயிரைக் கத்தரிக்கவில்லை, பெயரை மாற்றவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இவர்கள்மேல் திணிக்கப்பட்டது. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டிலேதான் நிற்கின்றது.

கார்லைல் 1918இல் மூடப்பட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் கனடாவில் இம்முறை நெடுங்காலம் நீடித்தது. அங்கு ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இத்தகைய பாடசாலைகளுக்குச் சென்றனர். 1973இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கிக்கொடுத்த செம்மஞ்சள் நிறச் சட்டையுடன் பிரித்தானிய கொலம்பியாவிலுள்ள அப்படியொரு பாடசாலைக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அச்சட்டை திரும்பி வரவேயில்லை. கடையில் வாங்கிய சட்டை அது. தோலாடையன்று, இறகு செருகியதுமன்று. ஆகவே, காட்டுமிராண்டி உடுப்பை மாற்றி நாகரிகம் தந்தோம் என்ற பழைய வாதம் அங்கே எடுபடாது. பிள்ளைக்கு வீட்டிலிருந்து வந்தது எதுவோ, அது கூடாது என்பதே விதி.

2008இல் கனடாவின் பிரதமரும் 2024இல் அமெரிக்காவின் ஜனாதிபதியும் இப்பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கோரினர். அவ்வம்மையார் தம் கதையை எடுத்துரைத்தபின், 2013 முதல் ஆண்டுதோறும் செப்டெம்பர் 30இல் கனடாப் பாடசாலைகளில் பிள்ளைகள் செம்மஞ்சட் சட்டை அணிகின்றனர். அங்குள்ள நம் பேரப்பிள்ளைகளும் அவர்களோடு அணிகின்றனர். அடுத்த ஆண்டு அப்படம் உங்கள் கைக்கு வரும்போது, அதை இல்ல விளையாட்டுப் போட்டிக்குரிய நிறமென்று எண்ணிவிடாதீர்கள்.