உங்க ஊர் ஏரி உங்களுக்கு என்ன தருது?

(கிராம சபைக் கூட்டத்துக்கு முந்தைய வாரம், ஓர் ஊராட்சியில் இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில இருக்கிற போனை எடுங்க. "எங்க ஏரியால எங்க வீட்டுக்குக் கிடைக்கிறது"ன்னு தலைப்பு போட்டு, மனசுல வர்றதை எல்லாம் எழுதுங்க. மூணு நிமிஷம் போதும்.

எழுதியாச்சா? முன்வரிசையில இருக்கிற அண்ணன் 'பாசனம்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கார். பக்கத்துல இருக்கிற அக்கா ஏழு எழுதியிருக்காங்க: கிணத்துத் தண்ணி, ஆட்டுக்கு மேய்ச்சல், மாடு குளிப்பாட்ட இடம், பொன்னாங்கண்ணிக் கீரை, விறகு, துணி துவைக்கிற படித்துறை, கோயில் தெப்பம். கடைசி வரிசைத் தம்பி 'மீன், கிரிக்கெட்'னு எழுதியிருக்கான். சிரிக்காதீங்க. கோடையில ஏரி காஞ்சா அவனுக்கு அதுதானே மைதானம்!

ஏரி ஒண்ணுதான். ஆனா ஆளாளுக்கு அது வேற வேற. யார் எழுதினதும் தப்பில்ல. சிக்கல் எங்க வருதுன்னா, அலுவலகப் பதிவேட்டுல ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மீன் ஏலம் எவ்வளவு போச்சுன்னு ரெண்டு மூணு கணக்குதான் இருக்கும். அக்கா எழுதின ஏழுல பெரும்பாலானது எந்தக் காகிதத்துலயும் இருக்காது. காகிதத்துல இல்லாத ஒண்ணு காணாமப் போனா, அதைக் கேக்க ஆள் இருக்காது.

எங்க ஊர்லயே இது நடந்துச்சு. மதுராந்தகம் பக்கத்துல சின்ன கிராமம். ஏரிக்கு வர்ற வரத்துக்கால்வாயை ஒட்டி மனைப்பிரிவு போட்டாங்க. பாதை அமைக்கிறோம்னு கால்வாய்ல மண்ணைக் கொட்டினாங்க. ஊர்ல யாரும் பெருசா எடுத்துக்கல. "ஏரியைத் தொடலையே, வெறும் ஓடைதானே"ன்னு விட்டுட்டோம். அடுத்த ரெண்டு வருஷம் நல்ல மழை. ஆனா ஏரி பாதிகூட நிரம்பல. முதல்ல வயலுக்கு ஒண்ணும் ஆகல. போர்வெல் இருக்கிறவங்க சமாளிச்சுட்டாங்க. முதல்ல அடிபட்டது எங்க ஆயா. வீட்டுக் கிணறு வத்திப்போச்சு. ஏரிக்கரைப் புல்லை நம்பி வளர்த்த ரெண்டு மாட்டையும் வித்துட்டாங்க. வித்த அன்னிக்கு ஆயா சொன்னது இன்னமும் காதுல இருக்கு: "ஏரியில நமக்கு நிலம் இல்லடா, ஆனா நம்ம சோறு அங்கதான் இருந்துச்சு."

ஆயக்கட்டுக் கணக்குல ஆயா பேர் கிடையாது. ஆனா ஏரியால அதிகம் வாழ்ந்தவங்க அவங்கதான். நிலம் இல்லாதவங்க, ஆடு மாடு வச்சிருக்கிறவங்க, தினமும் தண்ணி சுமக்கிற பெண்கள், இவங்களுக்குத்தான் சுத்தியிருக்கிற நிலப்பரப்போட அருமை நல்லாத் தெரியும். இவங்ககிட்ட யாராவது கேட்டோமா?

இப்போ நம்ம மாவட்டத்துலயே ஒரு நல்ல உதாரணம் சொல்றேன். வேடந்தாங்கல். எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருப்பீங்க. சுமார் 30 ஹெக்டேர் ஏரி, நடுவுல நீர்க்கடம்பு மரங்கள், அதுல ஆயிரக்கணக்கான நாரைகள், கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள். அந்தப் பறவைகளை முதல்ல காப்பாத்தினது எந்தச் சட்டமும் இல்ல, ஊர்க்காரங்கதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ மக்கள் கலெக்டர்கிட்ட முறையிட்டாங்க. 1798-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைப் பாதுகாக்கிற உரிமையை எழுத்துல கொடுத்தார். 1858-ல அதைப் புதுப்பிச்சு வாங்கியிருக்காங்க. 2022-ல ராம்சர் பட்டியல்லயும் வேடந்தாங்கல் சேர்ந்துச்சு.

ஊர்க்காரங்க ஏன் அவ்வளவு பிடிவாதமா நின்னாங்க? பறவை மேல பாசம் இருந்திருக்கும். கூடவே ஒரு கணக்கும் இருந்துச்சு. பறவை எச்சம் ஏரித் தண்ணியில கலக்குது. அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே போகுது. அதை அவங்க கண்ணால பார்த்தாங்க, விளைச்சல்ல பார்த்தாங்க. தீபாவளிக்கு அங்க வெடி வெடிக்காம இருக்காங்கன்னா, அதை யாரோ போட்ட தடையா அவங்க நினைக்கல. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதையா நினைக்கிறாங்க.

முக்கியமான விஷயம் ஒண்ணு கவனிங்க. பயன் என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதோட நிக்காம, அதை எழுத்துலயும் வாங்கி வச்சாங்க.

இன்னொரு ஊர், மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. மலைகள், சுனைகள், கண்மாய்கள், குடைவரைக் கோயில், தமிழி கல்வெட்டு எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு இதை அறிவிச்சுது. 2024 கடைசியில அந்தப் பகுதியில டங்ஸ்டன் சுரங்கம்னு செய்தி வந்தப்போ, சுத்துவட்டார ஊர்கள் கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. 2024 டிசம்பர் 9-ல சட்டமன்றத்துல தீர்மானம் நிறைவேறுச்சு. 2025 ஜனவரியில அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செஞ்சுது. அந்த ஊர்க்காரங்க "எங்க மலை எங்களுக்குச் சாமி"ன்னு மட்டும் சொல்லி நிக்கல. மழை பெஞ்சா மலையில இறங்குற தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகுது, எந்த வயல் பாயுதுன்னு விரல் நீட்டிக் காட்டினாங்க. பல்லுயிர்த் தலம்ங்கிற அறிவிப்பு அவங்க கையில ஏற்கெனவே இருந்ததும் பெரிய பலம்.

சரி, நாம என்ன செய்யலாம்? நாலு வேலை சொல்றேன்.

ஒண்ணு: பதிவேட்டைப் பாருங்க. நில ஆவணங்களுக்கான அரசு இணையவழிச் சேவைத் தளத்துல, புல எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டைப் பாக்கலாம். ஒரு இடம் புறம்போக்கான்னும் சரிபார்க்கலாம். எங்க ஊர்க் கால்வாய் அதுல அரசு வாய்க்கால்னு தெளிவா இருந்துச்சு. நாங்க பார்த்ததுதான் தாமதம்.

ரெண்டு: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரியைப் பத்திப் பேச அதைவிட நல்ல நாள் ஏது? "ஏரியைக் காப்பாத்தணும்"னு பொதுவா பேசாதீங்க. புல எண், அடைபட்ட இடம், அதனால எத்தனை வீட்டுக் கிணறு வத்துச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறிச்சான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. நடவடிக்கை இல்லைன்னா 1100 எண்ணுல புகார் பதியலாம்.

மூணு: மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். அந்தக் குழு தயாரிக்கிற பதிவேடு இது. ஊர்ல இருக்கிற மூலிகை, கீரை, மீன், பறவை, அதைப் பயன்படுத்துற பழக்கம் எல்லாம் இதுல ஏறணும். அக்கா எழுதின பட்டியலுக்கு இதுதான் சரியான இடம்.

நாலு: வண்டல் மண். ஏரியில இருந்து வண்டல், களிமண் எடுக்க விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இ-சேவை மூலமா விண்ணப்பிச்சு, வட்டாட்சியர் அனுமதியோட இலவசமா எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரைக்கும். வயலுக்கு எருவாச்சு, ஏரிக்கு ஆழமாச்சு.

எங்க ஊர்க் கதை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கிராம சபையில தீர்மானம் போட்டோம். கால்வாயை அளந்து கல் நட்டாங்க. மண்ணைப் பாதி எடுத்திருக்காங்க, மீதி இன்னும் இருக்கு. போன மழைக்கு ஏரி முக்கால்வாசி நிரம்புச்சு. ஆயா கிணத்துல தண்ணி ஊறிடுச்சு. மாடுதான் திரும்பி வரல.

போன்ல எழுதின பட்டியலை அழிச்சுடாதீங்க. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட, தாத்தாகிட்ட, பக்கத்து வீட்டு ஆடு மேய்க்கிற பெரியம்மாகிட்டயும் கேளுங்க. ஒவ்வொருத்தரும் ரெண்டு வரி கூட்டுவாங்க. அதை அச்செடுத்து அடுத்த வாரம் கிராம சபைக்குக் கொண்டு வாங்க.