நடிகரின் குரலும் சேரியின் குரலும்

(நாகலாபுரத்தில் நடந்த இளைஞர், மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நடிகர்கள் அரசியல் பேசலாமா, பேசுறவங்க குரலை நெரிக்கிறாங்களே, இதைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. பேசலாம். அதுல நமக்குச் சந்தேகமே கிடையாது. தலைமுறை தலைமுறையா 'வாயை மூடு'ன்னு சொல்லக் கேட்டவங்க நாம. இன்னொருத்தரைப் பாத்து அதே வார்த்தையைச் சொல்ல முடியாது. என் கேள்வி வேற. கருத்துரிமை பறிபோய்விட்டது என்று சொல்லும்போது, யாருடைய வாயை வைத்து அதை அளக்கிறோம்?

நம்ம மாவட்டத்துலயே ஆரம்பிக்கலாம். 2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப் போனாங்க. எட்டு நாள் கழிச்சு ரஜினிகாந்த் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காயம்பட்டுக் கிடந்த ஒரு பையன் 'யார் நீங்க?'ன்னு கேட்டான். நாடு பூரா அதைக் காமெடியாப் பாத்துச்சு. அது காமெடி இல்ல. நூறு நாள் நாங்க கத்தும்போது நீங்க எங்க இருந்தீங்கங்கிற கணக்கு அதுக்குள்ள இருக்கு. அன்னைக்கே ரஜினி, போராட்டத்துக்குள்ள சமூக விரோதிகள் புகுந்துட்டாங்கன்னு பேட்டி குடுத்தார். அந்த ஒரு வரி எல்லாத் தொலைக்காட்சியிலயும் ஓடுச்சு. குண்டடி பட்டவன் சொன்னது எத்தனை இடத்துல வந்துச்சு? 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று சொன்னது. நாலு வருசம் கழிச்சு வந்த அறிக்கை அந்த ஒரு வரியை எட்டிப் பிடிக்க முடியுமா? ஆக, பிரபலத்தின் பேச்சுரிமை எப்பவும் அதிகாரத்துக்கு எதிராத்தான் நிக்கும்னு நினைக்காதீங்க. சில நேரம் அது அடிபட்டவன் வாய் மேலேயே ஏறி உக்காரும்.

இதுக்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. எம்.ஆர். ராதா பெரிய நடிகர். அவர் ராமாயண நாடகத்துக்குத் தடைமேல தடை. 1954ல் வந்த நாடகச் சட்டம், முதல்லயே வசனத்தைக் காட்டி அனுமதி வாங்குன்னு சொல்லிச்சு. அவர் மீறி ஆடினார், வழக்கைச் சந்தித்தார். அந்தச் சட்டம் 2013ல்தான் சென்னை உயர்நீதிமன்றத்தில் செத்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சந்துரு.

அதே சந்துரு வக்கீலா இருந்தப்ப நடத்தின வழக்குதான் 2021ல் 'ஜெய் பீம்' படமா வந்துச்சு. அந்தப் படத்துக்காகச் சூர்யாவை என்ன பாடு படுத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியும். வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் விட்டது. அவரை அடிச்சா ஒரு லட்சம்னு ஒரு கட்சிப் பிரமுகர் அறிவிச்சார். அதுக்கு முந்தின வருசம், 2020ல், நீட் தேர்வைப் பத்தி அறிக்கை விட்டதுக்கு, நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கணும்னு ஒரு நீதிபதியே தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். உயர்நீதிமன்றம் தேவையில்லைன்னு சொல்லிருச்சு. இது நெருக்கடி இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். மிரட்டல் மிரட்டல்தான். அவர் பக்கம் நிக்கிறது சரிதான்.

ஆனா இன்னொரு பக்கத்தையும் பாக்கணும். மிரட்டல் வந்ததும் சூர்யா வீட்டு வாசல்ல போலீஸ் காவல் போட்டாங்க. படத்துக்கு மூலமான பார்வதி அம்மாவுக்கு என்ன நடந்துச்சு? 1993ல் அவங்க புருசன் ராஜாகண்ணுவைக் கொன்னதே போலீஸ். முதனை கிராமத்துல இருந்து கிளம்பி அந்த அம்மா நடையா நடந்தாங்க. போலீஸ்காரங்களுக்குத் தண்டனை குடுத்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2006ல்தான் வந்துச்சு. பதிமூணு வருசம். அந்தப் பதிமூணு வருசத்துல அவங்க குரல் நெரிக்கப்படுதுன்னு எந்தத் தொலைக்காட்சி விவாதம் வச்சுச்சு? அதே உண்மையைத்தான் ரெண்டு பேரும் சொன்னாங்க. ஒருத்தருக்குப் போலீஸ் காவல், ஒருத்தருக்குப் போலீஸ் எதிரி. இதுல சூர்யா மேல குத்தம் இல்ல. குரலுக்கும் சாதி உண்டுங்கிறதுதான் சேதி.

எழுத்தாளர்கள் விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். 2015 சனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். உலகமே பேசியது, பேச வேண்டியதுதான். 2016 சூலையில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ அதே காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துத் தலித் எழுத்தாளர் துரை குணா 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதியதற்காக ஊர்விலக்கத்தைச் சந்தித்தார். 2016ல் கைதும் செய்யப்பட்டார். இங்க இருக்கிற மாணவர்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? தெரியாதது உங்க தப்பு இல்ல. எவன் குரல் நெரிபடுது என்கிற சேதியும் ஆள் பாத்துத்தான் ஊர் சுத்துது.

கடைசியா, நம்ம பக்கத்து ஊர்க் கதை. கொடியங்குளம். 1995 ஆகஸ்டு 31. நூத்துக்கணக்கான போலீஸ் உள்ள புகுந்து வீடு வீடா அடிச்சு நொறுக்குச்சு. குடிக்கிற கிணத்துல விஷத்தைக் கலந்துச்சு. சனங்க அன்னைக்கே வாய் திறந்து சொன்னாங்க, கேக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு, 2021ல், மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. சந்தோசம். ஆனா படம் வந்ததும் என்ன சண்டை நடந்துச்சு? படத்துல 1997ன்னு போட்டுட்டாங்க, சம்பவம் நடந்தது 1995, அது யார் ஆட்சி, இது யார் ஆட்சின்னு சண்டை. கடைசியில் '1990களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். வருசத்தைத் திருத்தச் சொல்றதுல தப்பு இல்ல. ஆனா அடிச்சவனுக்கு என்ன தண்டனை கிடைச்சுதுன்னு அந்தச் சண்டையில எந்தக் கட்சி கேட்டுச்சு? நம்மாளு ஒருத்தர் படம் எடுத்துப் பேசினாலும், பேச்சைத் திருப்பி அவங்க கணக்குக்குக் கொண்டுபோயிர்றாங்க.

அப்ப நாம என்ன செய்யிறது?

இந்தக் கரிசக்காட்டுல மிளகாப்பழம் பறிக்கப் போற இடத்துல, கரிமூட்டத்துல, தீப்பெட்டி ஆபீசுல ஒரு பொம்பள எந்திரிச்சு 'இந்தக் கூலி பத்தாது, எங்களை மரியாதையாக் கூப்பிடு'ன்னு சொன்னா என்ன ஆகுது? மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க. கடையில கடன் நின்னுபோகும். வழக்கு இல்ல, தடை உத்தரவு இல்ல, பேப்பர்ல ஒரு வரி இல்ல. சத்தமில்லாம நெரிக்கிறது இதுதான். இதுக்குச் சட்டத்துல பேர் இருக்கு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தலித் மக்கள் மீது ஆதிக்க சாதியினர் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். இதை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கணும். படிக்கிற பிள்ளைகள் இதை மனப்பாடமா வச்சுக்கங்க.

யார் என்ன பேசினாங்க, எந்தத் தேதி, அதுக்கப்புறம் எந்த வேலை போச்சு, ஸ்டேசன்ல மனுவுக்கு ரசீது குடுத்தாங்களா, எல்லாத்தையும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. நாளைக்கு ஒரு கமிஷன் வந்தாலும், ஒரு சினிமாக்காரர் வந்தாலும், நம்ம வருசத்தையும் நம்ம பேரையும் நாமதான் சொல்லணும். பேசுன பொம்பள ஸ்டேசனுக்குப் போறப்ப தனியாப் போகவிடாதீங்க. ஒரு நடிகர் காரைச் சுத்தி நம்ம பயக எத்தனை பேர் ஓடுதாங்க! அதுல பத்துப் பேர் அந்த அம்மா கூடப் போனாப் போதும், ஸ்டேசன்ல பேசுற தொனியே மாறிரும்.

பிரபலங்கள் நமக்காகப் பேச வந்தால் வரட்டும், வரவேற்போம். நமக்குப் பதிலாகப் பேச வேண்டாம். மைக்கை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும். இங்க வேலை முடிச்சு வந்து உக்காந்திருக்கிறவங்க பேசட்டும். அவங்களுக்கும் மறுநாள் வேலை இருக்குதான்னு பாத்துத்தான் நான் இந்த நாட்டுல கருத்துரிமை இருக்கா இல்லையான்னு சொல்லுவேன்.