ரீகன் விட்டுச் சென்றதும் வாரிசுகள் எடுத்துக்கொண்டதும்

இன்னைக்கு ஒரு விளம்பரத்துல இருந்து ஆரம்பிப்போம்.

2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் கொடுத்தது. அதில் ஒலித்தது ரொனால்ட் ரீகனின் குரல். அப்போது அவர் இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது. இறக்குமதி வரி கடைசியில் அமெரிக்கர்களையே பாதிக்கும் என்று 1987-ல் வானொலியில் அவர் பேசியதை வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். ட்ரம்ப் கோபத்தில் கனடாவுடனான வர்த்தகப் பேச்சுவார்த்தையையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதே பேச்சில்தான், ஜப்பானியப் பொருட்கள் சிலவற்றின் மீது தான் ஏன் வரி போட்டேன் என்றும் ரீகன் விளக்கம் சொன்னார். விளம்பரத்தில் அது இல்லை. அவங்கவங்களுக்கு வேண்டிய ரீகனை அவங்கவங்க எடுத்துக்கிறாங்க. அப்போ முழு ரீகன் யாரு?

1981 முதல் 1989 வரை எட்டு வருஷம் அதிபர். பதவியேற்ற நாளிலேயே, அரசாங்கம்தான் பிரச்சினை என்று சொன்னவர். 1984 தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றவர். வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 28-க்கு இறக்கியவர். இதெல்லாம் எல்லாரும் சொல்ற கதை.

அதிகம் பேசப்படாத கதை ஒண்ணு இருக்கு. அந்த எட்டு வருஷமும் பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்தது. அவர்களோடு பேசாமல் ஒரு சட்டமும் நிறைவேறாது. ரீகன் பேசினார். 1981-ல் வரியைக் குறைத்தவர், பற்றாக்குறை எகிறியதும் 1982-ல் சில வரிகளை ஏற்றினார். 1983-ல் முதியோர் ஓய்வூதியத் திட்டம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, சபாநாயகர் டிப் ஓ'நீலோடு சமரசம் செய்து அதைக் காப்பாற்றினார்.

1986-ஐப் பாருங்க. அக்டோபரில் பெரிய வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டே வாரத்தில், நவம்பரில், குடியேற்றச் சட்டத்தில் இன்னொரு கையெழுத்து. இந்த இரண்டாவது சட்டத்தால் ஆவணம் இல்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ உரிமை கிடைத்தது. இன்றைய குடியரசுக் கட்சியில் முதல் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். இரண்டாவதைப் பேச ஆள் இல்லை.

அதுக்காக அவரைப் புனிதர் ஆக்க வேண்டாம். வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் அதிகமான விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை 1981-ல் ஒரே அடியாக வேலையிலிருந்து தூக்கினார். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் அந்த அடியிலிருந்து இன்னும் மீளவில்லை. எய்ட்ஸ் பற்றி அவர் ஒரு முழு உரை நிகழ்த்தியது 1987-ல்தான். அதற்குள் அந்த நாட்டில் 20,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். சிறிய அரசாங்கம் என்று பேசியவரின் காலத்தில் நாட்டின் கடன் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது.

சரி, வாரிசுகளுக்கு வருவோம்.

முதலில் மூத்த புஷ். புது வரி கிடையாது என்று 1988-ல் வாக்குக் கொடுத்தார். 1990-ல் பற்றாக்குறை அழுத்தியபோது எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து வரியை ஏற்றினார். ரீகன் 1982-ல் செய்ததும் அதேதானே? ஆனால் இவரைச் சொந்தக் கட்சியே மன்னிக்கவில்லை. 1992-ல் தோற்றார். பொருளாதார மந்தமும் ஒரு காரணம்தான். ஆனாலும் கட்சி கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: விட்டுக்கொடுத்தால் தோற்போம்.

நம்ம ஊருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. சென்னையிலிருந்து ஐடி வேலைக்குப் போகிறவர்கள் வாங்கும் எச்-1பி விசா, இந்த புஷ் 1990-ல் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்ததுதான்.

அடுத்தவர் கிளின்டன், எதிர்க்கட்சிக்காரர். பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்று 1996-ல் இவரே சொன்னார். எதிராளியையும் தன் மொழியில் பேச வைத்ததுதான் ரீகனின் உண்மையான வெற்றி. 1998-ல் பட்ஜெட்டை உபரிக்குக் கொண்டுவந்ததும் இவர் காலத்தில்தான்.

இளைய புஷ் 2001-லும் 2003-லும் வரியைக் குறைத்தார். அது சுலபமாக நடந்தது. ஆனால் 2007-ல், ரீகனைப் போலக் குடியேற்றச் சீர்திருத்தம் கொண்டுவரப் பார்த்தபோது செனட்டில் அது விழுந்தது. அவருடைய கட்சியின் செனட்டர்களில் பெரும்பாலோர் அவருக்கு எதிராக நின்றார்கள்.

ட்ரம்ப் 2017-ல் வரியைக் குறைத்தார். 1987-ல் ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து, ரஷ்யா அதை மீறிவிட்டது என்று சொல்லி 2019-ல் விலகினார். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்.

ஆக, ஒரு வரிசை தெரியுதா? வரிக்குறைப்பு மட்டும் மூத்த புஷ்ஷுக்குப் பின் வந்த ஒவ்வொரு குடியரசுக் கட்சி வாரிசிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதிராளியோடு உட்கார்ந்து, கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கும் பழக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. கொள்கையைக் கோஷமாக்கிவிடலாம், சமரசத்தைக் கோஷமாக்க முடியாது. அதனால்தான் அது முதலில் மறக்கப்பட்டது.

ஒரு தலைவர் விட்டுப் போனதை எடைபோட, அவர் சொன்னதை மட்டும் கேட்டால் போதாது. அவர் யாரோடு சேர்ந்து எதைச் செய்தார், அவர் பேரைச் சொல்லி வந்தவர்கள் எதைக் கீழே போட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். அடுத்த தடவை யாராவது ரீகன் பேரைச் சொன்னா, எந்த ரீகன்னு கேளுங்க.