ஒரு பவுணும் ஒரு பெயரும்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்காத கலியாண வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. பவுண் என்பதே ஒரு காசின் பெயர்தான். ஏறத்தாழ எட்டுக் கிராம் நிறையுள்ள ஆங்கிலேயரின் தங்கக் காசு. அதைவிடச் சற்று நிறை குறைந்த உரோமப் பொற்காசு ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

கி.பி. 69இல் உரோமை நான்கு பேர் அடுத்தடுத்து ஆண்டனர். இரண்டாமவரான ஓதோ இருந்தது மூன்று மாதமே. ஆனாலும் அவருடைய காசை இனங்காண்பது கடினமன்று. முதலில் நிறுக்க வேண்டும்: சுமார் 7.3 கிராம். அடுத்து, தலையைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்தில் பட்டங்களுக்கு நடுவே ‘ஓதோ’ என்ற பெயரைத் தேட வேண்டும். பின்பு, வரிவரியாகச் சுருண்ட முடி; அவர் பொய்முடி அணிந்தவர் என்று சுவெத்தோனியஸ் எழுதியிருக்கிறார். மறுபுறத்தில் மாலையும் கோலும் ஏந்திய பெண்ணுருவும் ‘உரோம மக்களின் பாதுகாப்பு’ என்ற வாசகமும் இருக்கும். அதே ஆண்டு ஏப்ரிலில் போரில் தோற்ற ஓதோ தன்னைத் தானே மாய்த்துக்கொண்டார்.

உரோமக் காசு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. வெவ்வேறு தலைகள் பொறித்த காசுகள் எல்லாம் ஒரே நிறையாய் இருப்பதைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான் என்கிறார் பிளினி. கந்தரோடையில் 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் ஆராய்ந்தபோது உரோமக் காசுகளும் கிடைத்தன. கடலுக்கு அப்பால், புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு.

யாருடைய காசு என்பதைக் காசே சொல்லும். எந்த மண்ணில் கிடந்தது என்பதைக் கண்டெடுத்தவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே தோட்டம் கொத்தும்போது பழங்காசு கண்டால் புளி போட்டுத் துலக்காதீர்கள். பத்தரிடம் உருக்கக் கொடுக்காதீர்கள். எந்தக் காணி, எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று எழுதிவைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். இடம்பெயர்ந்த காலங்களில் பவுணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனோம். படங்களை விட்டுவிட்டுப் போனோம். மிஞ்சிய வகுப்புப் படங்களில் முகங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. மூன்று மாதம் ஆண்டவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்திருக்க, வாழ்நாளெல்லாம் எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளின் பெயர் மறைந்து போகலாமா? எந்த நாட்டில் இருந்தாலும், உங்களிடமுள்ள படங்களின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதிவையுங்கள். இன்றிரவே தொடங்குங்கள்.