கோலமாவில் வரைந்த ஊர்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 கல்லூரிப் படிப்பைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவதோட நின்னவள். கண்ணால பார்த்ததை மட்டும் சொல்றேன்.

பி.எஸ்சி. வேளாண்மை நாலு வருஷப் படிப்பு. கடைசி வருஷத்தில் பிள்ளைங்க கிராமத்துக்கு வந்து விவசாயிகள்கிட்ட வேலை கத்துக்கணும். ஊரக வேளாண் பணி அனுபவம்னு அதுக்குப் பேரு. சுத்திப் பார்க்க வர்றாங்கன்னுதான் நாம நினைச்சோம். இதுவும் பாடம்தான், இதுக்கும் கிரெடிட் இருக்குன்னு ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முதல் நாள் கோயில் வாசல்ல கோலமாவு வச்சு நம்ம ஊரை வரையச் சொன்னாங்க. ஆம்பளைங்க ஏரி, போர், ரேஷன் கடை எல்லாம் போட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எங்க பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா"ன்னுச்சு. எங்க குழுவில் மூத்த அக்கா எழுந்து போய், புல்லுக்கட்டு தூக்கிட்டு வர்ற ஒத்தையடிப் பாதையையும், தண்ணி நின்னுபோன அடிபம்பையும் போட்டாங்க. அது ரெண்டையும் அதுவரைக்கும் யாரும் போடலை. பொண்ணு அப்படியே நோட்டுல எழுதிக்கிச்சு.

விதைநெல்லை உப்புத் தண்ணியில போட்டுப் பதரைப் பிரிக்கிறதை அவங்க செஞ்சு காட்டினாங்க. முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பு கரைக்கணும். அடியில தங்குற நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசிட்டுத்தான் விதைக்கணும். நடவு அன்னைக்கு நாங்க வாத்தியார். அந்தப் பொண்ணு நாத்தை ஆழமா ஊன்றிடுச்சு. அப்படி ஊன்றினா தூர் கட்டாதுன்னு விரலைப் பிடிச்சுக் காட்டினேன். மூணு சென்டிமீட்டர்னு பரீட்சையில எழுதினது அதுதானாக்கான்னு கேட்டுச்சு. எனக்கு சென்டிமீட்டர் எல்லாம் தெரியாது, விரல் கணக்குதான்.

ஒரு குறையும் சொல்லணும். முந்தி வந்த ஒரு குழு பேனர் பிடிச்சு போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிடுச்சு. நம்ம மேலயும் தப்பு இருக்கு. டீ கொடுத்து அனுப்பினோமே தவிர, வேலையில இறங்குங்கன்னு யாரும் சொல்லலை. அடுத்த தரம் வர்றவங்களை நம்ம வாரக் கூட்டத்துக்குக் கூப்பிடணும். நாத்தங்காலில் இருந்து நடவு வரைக்கும் கூடவே வச்சுக்கணும். பொம்பளப் பிள்ளைங்க பகல்ல இருந்துட்டுப் போக நம்ம கட்டடத்தையும் கழிப்பறையையும் திறந்து விடணும். பெத்தவங்க பயப்படுறது அதுக்குத்தான்.

என் மக பிளஸ் டூ படிக்கிறா. இந்தப் படிப்புதான் வேணும்னு நிக்கிறா. "சேத்துல நிக்க வேணாம்னுதானே படிக்க வைக்கிறேன்"னு அவ அப்பா சொல்றார். அந்த நடவு அன்னைக்கு அவரும் வரப்புலதான் நின்னார். நாத்துக்கட்டை எடுத்து வீசினதே அவர்தான். விண்ணப்பம் வர்றதுக்குள்ள இன்னொரு தரம் பேசிப் பார்க்கணும்.