கேணி கற்பித்த பாடம்
(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘இயற்கையிடம் நாம் கற்பது’ என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். மிசன் பாடசாலையிற் படித்தவன் யான். அங்கே இயற்கை என்றால் ஆங்கிலக் கவிதையில் வரும் மலர்கள்தாம். கண்ணாலே காணாத அம்மலர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவனுக்கு, வீட்டுக்கு அண்மையிலுள்ள கீரிமலைக் கேணியில் நீர் எவ்வாறு ஊறுகின்றது என்பது தெரியாதிருந்தது.

ஒரு முறை மாத்திரம் கேணியைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். “கேட்காமலே கொடுக்கும் வள்ளல்” என்று அதனைப் புகழ்ந்தேன். ஆசிரியரும் மெச்சினார். இன்று அவ்வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகின்றேன்.

நகுலேசுவரத்தின் அருகே, அலை வந்து மோதும் கரையிலே, ஒரு சுவருக்கு இப்பால் நன்னீர், அப்பால் உவர்க்கடல். நகுல முனிவரின் கீரிமுகமும், மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் நீங்கிய தீர்த்தம் இதுவென்பது நம் முன்னோர் சொல்லிவந்த வரலாறு. பெயரில் மலை உண்டு. ஊரில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத நம் குடாநாட்டிலே, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி அப்பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகின்றது. தங்கியதில் ஒரு பகுதியே கேணியில் ஊறிக் கடலிற் சேர்கின்றது. ஆகவே கேணி வள்ளலன்று. வாங்கியதைக் கொடுக்கும் நாணயமான கணக்குப்பிள்ளை.

நிலத்தின்கீழ் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், 1901 இல் செருமானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். ஏட்டுக் கணக்குத்தான், நிலத்துக்கு நிலம் மாறும். ஆயினும் அதை மறுபுறமாகப் படித்துப் பாருங்கள். மேலே 1 அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கிலே கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும்!

இதைப் பல்கலைக்கழகத்தில் படித்த அன்று எனக்கு எங்கள் தோட்டக் கிணறு நினைவுக்கு வந்தது. 1990 இல் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பம், போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின்னரே காணிக்குத் திரும்பியது. இழந்த காலத்தை ஈடுசெய்யும் அவசரத்திலே மோட்டார் பூட்டி, வெங்காயத்துக்குக் காலை தொடங்கி மாலை வரை இறைத்தோம். சிறுவனாகிய யானே பலநாள் ஆளியைப் போட்டேன். அப்பு தடுத்தார்.

“தம்பி, துலா மிதிக்கேக்குள்ளை மனுசன் களைச்சுப்போவான், அவன் இளைப்பாற, கிணறும் ஊறிக்கொள்ளும். உந்த மெசின் களைக்காதடா,” என்றார்.

கிழவருக்கு மின்சாரம் பிடிக்கவில்லை என்று சிரித்தோம். நான்காம் ஆண்டில் வெங்காயத் தாளின் நுனி கருகிற்று. ஐந்தாம் ஆண்டில் தேநீரே உவர்த்தது. அப்பு பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தாம் குடிக்கும் தண்ணீரை அயல்வீட்டிலிருந்து செம்பில் எடுத்துவந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பெரியோர்களே, உங்களிற் பலர் துலா மிதித்தவர்கள். எந்த மாதத்தில் எத்தனை படி நீர் நின்றது என்பது உங்கள் நினைவில் இருக்கும். இளைஞர்களிடம் அதைச் சொல்லுங்கள். மன்ற உறுப்பினரிடம் யான் கேட்பது அதிகமன்று: பூரணைதோறும் உங்கள் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நீர் நிற்கும் மட்டத்தைக் கொப்பியிற் குறியுங்கள். இறைக்குமுன், விடியலிலே அளக்க வேண்டும். ஓராண்டுக் கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம்.

எங்கள் கிணற்றின் முதற் கணக்கைச் சென்ற பூரணையன்று எழுதினேன். கயிற்றைப் பிடித்தவர் அப்பு.