பள்ளிக் கட்டடமும் பொருநை மணலும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பள்ளியின் பழங்கட்டடத்தை இடித்து, மூன்றடுக்குக் கான்கிரீட்டுக் கட்டடம் எழுப்ப வேண்டுமென்னும் தீர்மானம் இன்று இக்கூட்டத்தின் முன் வரவிருக்கிறது. தமிழ் கற்பிக்கும் எமக்குக் கட்டட விஷயத்தில் யாது வேலையென்று சிலர் வினவக்கூடும். காலை முதல் மாலை வரை அதனுள் இருப்போர் யாமும் உங்கள் மக்களுமே யாதலின், இரண்டொரு வார்த்தை கூறத் துணிந்தோம்.

முதற்கண் அச்சத்தைப் பேசிவிடுவோம். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பற்றிப் பள்ளிக் குழந்தைகள் 94 பேர் மாண்டனர். ஆதலின் கீற்றுக் கொட்டகை குளிர்ச்சி தரும் என்னும் வாதம் இங்கு எழ வேண்டுவதில்லை. 2021 டிசம்பர் 17ஆம் நாள் நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளியின் கழிப்பிடச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிர் நீத்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசினர் ஆணையிட்டனர். இடிக்கத்தக்கதை இடிப்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயினும் அன்று வீழ்ந்தது பெரிய மண்டபமன்று. எவரும் ஏறெடுத்துப் பாராத சிறு சுவர். பழமை வேறு, பழுது வேறு.

1843ஆம் ஆண்டில் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தாமிரவருணியின் குறுக்கே அமைத்த 11 வளைவுப் பாலத்தை நாம் யாவரும் கடந்துதான் பாளையங்கோட்டைக்குப் போகிறோம். தாழையூத்தில் சிமெண்டு ஆலை தோன்றிய 1949க்கு நூறாண்டு முற்பட்டது அது. சுண்ணாம்புக் கட்டுமானம் வலுவற்றதென்போர் ஒருமுறை அதன் கீழ் நின்று பார்ப்பாராக. நம் பள்ளியின் கூரையும் அவ்வழியினதே. தேக்கு உத்திரக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்திட்டு நிறுத்தி, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்ட சுண்ணாம்புக் கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கிய மட்டப்பா அது. சித்திரை வெயிலில் அதன்கீழ் பாடம் நடத்தியவர்க்கு அதன் அருமை தெரியும். அதற்கு நேரும் நோய் பெரும்பாலும் ஒன்றே: கட்டையின் முனை சுவருக்குள் நீர்க்கசிவால் உளுத்துப் போதல். உளுத்த கட்டையை மாற்றலாம். அதற்காகக் கட்டடத்தையே மாற்ற வேண்டுவதில்லை.

சிமெண்டின்மேல் எமக்குப் பகையில்லை. அவ்வாலையால் பிழைக்கும் குடும்பங்கள் இச்சபையிலும் உள்ளன. சுண்ணாம்புக் கல் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீறாகும். சிமெண்டுக்கோ 1450 பாகை வேண்டும். அவ்வளவு விறகு அல்லது கரி எரிகிறதென்பதை மட்டும் நினைவிற் கொள்க. எம் கவலையெல்லாம் மணலைப் பற்றியது. ஆற்று மணலே நீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம். நம் ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் அம்மணலிலேதான் ஊறுகின்றன. 2010ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரவருணியில் மணல் அள்ளுவதை ஐந்தாண்டுக்குத் தடுத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்துக் குடிநீரைப் பறிப்பது என்ன தருமம்?

புதிய வகுப்பறைகள் வேண்டுமென்பது உண்மை. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர் பல கட்டடங்களைக் குறைந்த செலவில் எழுப்பினார். செங்கல்லைக் குத்திட்டு, சுவரினுள் வெற்றிடம் விட்டுக் கட்டும் அவர் முறையில் ஏறத்தாழக் காற்பங்கு செங்கல் மிஞ்சும். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட்டுத் தளத்தின் அடிப்பாகம் பாரம் தாங்குவதில்லை யாதலின், அங்கே கம்பிகளுக்கிடையில் பழைய ஓடுகளைப் பதித்து மணலையும் சிமெண்டையும் மிச்சப்படுத்தினார்.

வரைபடக்காரர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் சித்திரை முதல் ஆவணி நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். தெற்கே மட்டும் தாழ்வாரம் வைத்துவிட்டு வடக்கைத் திறந்துவிடுவது சென்னைக்கும் வடக்கேயுள்ள ஊர்களின் படத்தைப் பார்த்து எழுதுவதாகும். மேற்கே வேம்பும் புங்கும் நிற்கட்டும்; சாளரங்கள் எதிரெதிரே அமைந்தால் ஆனிக் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பெய்ததையும், பொருநை கரைபுரண்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே அடித்தளம் உயரட்டும்.

ஆகவே தீர்மானத்தை ஐப்பசி மழை முடியும் வரை நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறோம். அதற்குள் சுண்ணாம்பு வேலையறிந்த கொத்தனார் ஒருவரும் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரும் சேர்ந்து மட்டப்பாவின் கட்டை முனைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எழுதித் தரட்டும். சுற்றுச்சுவரையும் கழிப்பிடச் சுவரையும் நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அவை மழைக்குக் காத்திரா.